படப்பை மண்ணில் உப்பு

1974 ஜனவரியில் என் வேலை போகப்போகிறது என்பது எனக்கு முன்பே சரசு அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

சரசு அக்கா எங்கள் அலுவலகத்தின் அட்டெண்டர். தபாலை அவள்தான் வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தலைமை எழுத்தர் வேதாசலம் சார் தபாலைப் படிக்கும்போது அவர் முகத்தைப் படித்துவிடுவாள்.

அன்று என் மேஜையில் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“சக்கர தூக்கலாப் போட்டுகினு வந்துக்கிறேன் சாராம்மா. குடி.”

“எதுக்குக்கா?”

“சும்மாத்தான். குடியேன், ஆறிடப் போவுது.”

சர்க்கரை விற்ற விலையில் யாரும் சும்மா தூக்கலாகப் போட மாட்டார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

பிறகு வேதாசலம் சார் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கெட்ட செய்தி.

“ஒண்ணும் இல்லம்மா. டில்லியில சிக்கனமாம். அது கோட்டைக்கு வந்து, கோட்டையிலேர்ந்து நம்ம வரைக்கும் வந்திருக்கு. பாதி பல்பைக் கழட்டணுமாம். பழைய கவரை உள்பக்கம் வெளிய திருப்பி ஒட்டணுமாம். ஹீட்டர் போடக் கூடாதாம். அப்புறம் இந்த தற்காலிக இடமெல்லாம் பிப்ரவரி கடைசியோட...”

எங்கள் அலுவலகத்தில் தற்காலிக இடம் ஒன்றே ஒன்று. அதில் நான் இருந்தேன்.

அது ஒரு மண் பரிசோதனை நிலையம். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தது. கூடத்தில் எழுத்தர், படுக்கையறையில் அதிகாரி, சமையலறையில் நான். படப்பைப் பக்கத்து விவசாயிகள் துணிப்பையில் மண் கொண்டுவருவார்கள். அதை நிழலில் உலர்த்தி, மரக்கட்டையால் பொடித்து, சலித்து, அதில் என்ன சத்து இருக்கிறது, உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். எந்த உரம் எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு கார்டில் எழுதி அனுப்புவோம். பி.எஸ்ஸி. வேதியியல் படித்த எனக்கு அது பிடித்த வேலை. குறிப்பாக, அதில் பேச வேண்டியதே இல்லை என்பது பிடித்திருந்தது. மண் கேள்வி கேட்காது.

எங்கள் வீட்டில் அப்பா ஆசிரியர், அம்மா ஆசிரியை, இரண்டு சித்திகளும் ஆசிரியைகள். வேலை போகிறது என்று சொன்னதும் அம்மா வருத்தப்படவே இல்லை.

“கர்த்தர் ஒரு கதவை அடைச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். ஜூன்ல பி.எட். சேர்ந்துடு.”

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எண்பது கண்கள். எப்படியாவது அந்தச் சமையலறையில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் என் எண்ணமாக இருந்தது.

எங்கள் அதிகாரி தோத்தாத்ரி சார் நல்லவர். சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவார். பலர் சிக்கனத்தை உத்தரவு என்பதால் செய்தார்கள். அவர் அதை நம்பிச் செய்தார். தன் அறை மின்விசிறியைத் தானே நிறுத்திவிட்டு, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குண்டூசிகளைக் காகிதத்திலிருந்து உருவி ஒரு சிப்பியில் சேர்த்தார். ஒரு நாள் சமையலறைக்கு வந்து, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியைப் பார்த்தார்.

“இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?”

“அது வேணும் சார். பரிசோதனைக்கு வடிச்ச தண்ணிதான்...”

நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் சுவிட்சை அணைத்தார். ஹீட்டர் போடக் கூடாது என்பதில் இதுவும் சேர்த்தி என்றார். ஏற்கெனவே வடித்து வைத்த தண்ணீர் இரண்டு பெரிய ஜாடிகளில் இருந்தது. நான் போகும்வரை அது போதும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அதிகாரிக்கும் தலைமை எழுத்தருக்கும் தினமும் மூன்று மணி டீயின்போது வேப்பமரத்தடியில் சண்டை நடக்கும்.

“ஊர்ல பணம் ஜாஸ்தியா சுத்தறது வேதாசலம். அதான் விலை ஏறறது. சர்க்கார் கையை இறுக்கினாத்தான் அடங்கும்.”

“ஜாஸ்தியா சுத்துதா? என் வூட்டுப் பக்கம் ஒரு ரவுண்டு கூட வரலையே சார்.”

“விளையாடாதீரும். பற்றாக்குறை பட்ஜெட் போட்டுப் போட்டுத்தான் இந்தக் கதி.”

“சார், சத்து இல்லாத மண்ணுன்னா உரம் போடுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டு கார்டு அனுப்பறீங்க. ஊருக்கு மட்டும் பட்டினி போடுன்னு சொல்றீங்க. இது என்னா நியாயம்?”

தோத்தாத்ரி சார் டீயை உறிஞ்சியபடி யோசித்தார்.

“உரம் அதிகமானா பயிர் கருகிடும் ஓய்.”

“போடவே இல்லன்னா?”

“அதுவும் வராது,” என்று ஒத்துக்கொண்டார். நேர்மையான மனிதர்.

ஜனவரி முடிவதற்குள் இன்னொரு தபால் வந்தது. சரசு அக்கா ஓடி வந்தாள்.

“சாராம்மா! பெருசு சிரிக்குது. இன்னாவோ நல்ல சேதி கீது.”

வேதாசலம் சார் உண்மையிலேயே சிரித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு வேலை கொடுக்க டில்லி ஒரு திட்டம் போட்டிருக்கிறதாம். எங்கள் நிலையத்துக்கு இரண்டு பேர். பி.எஸ்ஸி. படித்திருக்க வேண்டும். பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை. கல்லூரிகளிலிருந்து பேராசிரியர்களை அழைத்துவந்து அவர்களுக்குப் பாடம் நடத்தத் தனிப் பணம். எல்லாவற்றையும் மார்ச் முடிவதற்குள் செலவு செய்துவிட வேண்டும்.

தோத்தாத்ரி சார் இரண்டு உத்தரவுகளையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

“செலவு பண்ணாதேங்கறான். செலவு பண்ணுங்கறான். ரெண்டும் ஒரே டில்லியா?”

“அது வேற பை, இது வேற பை சார்,” என்றார் வேதாசலம் சார். “நம்ம சாராளை அந்தப் பையிலேர்ந்து எடுத்து இந்தப் பையில போட்டுடலாம். முற்பகல்ல விடுவிக்கிறோம். பிற்பகல்ல சேர்த்துக்கறோம். நடுவுல பொண்ணு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட வேண்டியதுதான்.”

நடுவில் ஒரு சிக்கல் இருந்தது. மனுப் போடும் நாளில் வேலையில்லாதவராக இருக்க வேண்டும் என்று திட்டம் சொன்னது. மனுவுக்குக் கடைசி நாள் பிப்ரவரி நடுவில். அதற்குள் நான் விலகியாக வேண்டும். பிப்ரவரிச் சம்பளத்தில் பாதி போய்விடும்.

“பாதிச் சம்பளம்தானே போகுது? வேலை நிக்கும்மா,” என்றார் வேதாசலம் சார். “முப்பது வருஷ சர்வீஸ். எத்தனை பேரை இப்படி மாத்தி உக்கார வச்சிருக்கேன் தெரியுமா?”

தெரியாது. ஆனாலும் தலையாட்டினேன். அந்த எண்பது கண்களும் அப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு திங்கட்கிழமை முற்பகல் என்னை விடுவித்தார்கள். தோத்தாத்ரி சார் கைகூப்பினார். சரசு அக்கா, “அட, மத்தியானம் வரப்போற பொண்ணுக்கு இன்னா சார் கும்பிடு?” என்றாள். மனு வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். நான் நேரே அங்கே போய் வரிசையில் நின்றேன். என் பழைய பதிவை, வேலை கிடைத்தபோது ரத்து செய்திருந்தார்கள். புதிதாகப் பதிந்தேன்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் என் அட்டையில் முத்திரை குத்தினார். நான் துணிந்து கேட்டேன்.

“சார், தாம்பரம் மண் பரிசோதனை நிலையத்திலேர்ந்து ரெண்டு பேர் கேட்டிருப்பாங்க...”

“கேட்டிருக்காங்க.”

“அதுக்கு என் பேரை...”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த வருஷம் பதிஞ்சீங்க?”

“இன்னிக்குத்தான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, “ஏம்பா, இன்னிக்குப் பதிஞ்சாங்களாம்,” என்றார். அவர் சிரித்தார்.

வேதாசலம் சார் முப்பது வருஷம் ஆட்களை முற்பகலில் எடுத்துப் பிற்பகலில் போட்டிருக்கிறார். எல்லாம் ஏற்கெனவே வேலையில் இருந்த ஆட்கள். வேலை இல்லாதவர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது, அதில் முதலில் நின்றவருக்குத்தான் முதலில் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. அவருக்கு இருபது வயதில் வேலை கிடைத்துவிட்டது. 1969-லிருந்து அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்கள்தான் எங்கள் நிலையத்துக்குப் போயின.

ஆக, சிக்கனம் என்னை வெளியே அனுப்பியது. வேலை கொடுக்கும் திட்டம் என் நாற்காலியில் இரண்டு பேரை உட்கார வைத்தது. வேதாசலம் சார் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். எனக்கு பி.எட். விண்ணப்பத்தைக் கொடுத்தாள்.

மார்ச் முதல் வாரத்தில் சரசு அக்கா முடிச்சூர் சாலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினாள்.

“சாராம்மா! ஆபீஸ்ல ஒரே பேஜாராப் போச்சு. படப்பைக்காரன் ஒருத்தன் வந்து குந்திகினு எய்ந்திருக்க மாட்டேன்றான். அய்யா உன்னாண்ட சொல்லி இட்டாரச் சொன்னாரு.”

போனேன். கூடத்தின் நடுவே ஒரு மண் பையை மடியில் வைத்துக்கொண்டு தசரதன் என்ற விவசாயி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் எங்கள் நிலையத்தின் கார்டு.

“என் நெலத்துல உப்பு ஜாஸ்தியாம். நெல்லு வராதாம். எங்கப்பன், அவங்கப்பன் எல்லாம் அந்த நெலத்துல இன்னா உப்பா காச்சினாங்க?”

“பெரியவரே, கொஞ்சம் எழுந்து பெஞ்சில உக்காருங்கோ,” என்றார் தோத்தாத்ரி சார்.

“உக்கார மாட்டேன். என் நெலம் படப்பையில கீதா, இல்ல கோவளம் கடலாண்ட கீதா? அத்த மொதல்ல சொல்லு. பொண்ணு குடுக்கறவன் காதுல இது வுய்ந்தா என் பையன் கதி இன்னா?”

நான் சமையலறைக்குள் போனேன். புதிதாகச் சேர்ந்த இருவரும் அங்கே நின்றார்கள். ஒருவர் பக்தவச்சலம், பி.எஸ்ஸி. இயற்பியல், படப்பைக்காரர்தான். தன் ஊர் ஆள் வந்திருக்கிறார் என்பதால் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார். இன்னொருவர் தபீதாள், பி.எஸ்ஸி. விலங்கியல், சேலையூர். அவர் ஒதுங்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“உப்பு பாக்க எந்தத் தண்ணி ஊத்தினீங்க?” என்று கேட்டேன்.

“ஜாடித் தண்ணி தீர்ந்துடுச்சு. கிணத்துத் தண்ணிதான்,” என்றார் தபீதாள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அவ்வளவு உப்பு. இரண்டு வாரமாக இவர்கள் படப்பை மண்ணில் எங்கள் கிணற்றை அளந்திருக்கிறார்கள்.

“வடிக்கிற மிஷின் இருக்கே...”

“போடக் கூடாதுன்னு மேல ஒரு காகிதம் ஒட்டியிருக்கே.”

ஒட்டியிருந்தது. தோத்தாத்ரி சாரின் கையெழுத்தில், பழைய கவரின் உள்பக்கத்தில்.

ஆக, ஒரு உத்தரவு வேலை தெரிந்தவரையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டது. இன்னொரு உத்தரவு ஆட்களைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து தசரதனின் நிலத்தைக் கடற்கரையாக்கிவிட்டன. நான் காகிதத்தைக் கிழித்தேன். அதுவே எனக்குப் பெரிய காரியம். கருவியைப் போட்டு, தண்ணீர் வடிந்ததும் தசரதனின் மண்ணை மறுபடி பார்த்தேன். அவர் அதுவரை அசையவில்லை. புதுக் கார்டை வேதாசலம் சார் உரக்கப் படித்துக் காட்டினார். உப்பு இல்லை. யூரியா மட்டும் போட வேண்டும்.

“யூரியா எங்க கெடைக்குது?” என்றார் தசரதன்.

அதற்கு எந்த உத்தரவும் வரவில்லை. இருந்தாலும் அவர் எழுந்துவிட்டார்.

தோத்தாத்ரி சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நீ ஒரு ரெண்டு நாள் வந்து இவாளுக்குச் சொல்லிக்கொடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. வந்தேன். இரண்டு நாள் ஒரு வாரமானது. ஒரு வாரம் அடுத்த வாரத்துக்குள் போனது. வீட்டில் அம்மா கேட்டபோது, வேலைக்குத்தான் போகிறேன் என்று சொன்னேன். பொய் இல்லை.

சொல்லிக்கொடுப்பது நான் பயந்த அளவுக்கு இல்லை. எண்பது கண்கள் இல்லையே, நான்குதான். அவையும் குடுவையைத்தான் பார்த்தன. மண்ணில் உள்ள சத்தைக் கண்டுபிடிக்க, அமிலம் கலந்த கரைசலில் சொட்டுச் சொட்டாக இன்னொன்றை விட வேண்டும். நீலம் மங்கி ஒரு சொட்டில் பச்சையாகும். அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். பக்தவச்சலத்தின் கை அந்தச் சொட்டில் நிற்காது.

“மேடம், தாண்டிடுச்சு.”

“பரவால்லை சார். இன்னொண்ணு வைங்க.”

நான் அவரை சார் என்பேன். அவர் என்னை மேடம் என்பார். தபீதாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

பிப்ரவரி உதவித்தொகை அவர்களுக்கு அந்த வாரம்தான் வந்தது. மறுநாளிலிருந்து இருவரும் எதிரே கனகவல்லியின் இட்லிக் கடையில் சாப்பிட ஆரம்பித்தார்கள். அதுவரை வாடிக்கையாளர்கள் நின்றபடி சாப்பிட்ட கடை அது. கனகவல்லி ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டாள். மூன்று மணிக்கு வேப்பமரத்தடியில் அது விவாதமானது.

“பார்த்தீங்களா சார், ரெண்டு பேருக்குக் காசு குடுத்தா ஒரு தச்சனுக்கு வேலை கெடைச்சிருக்கு.”

“பார்த்தேன். இட்லிக்கு அஞ்சு பைசா ஏத்திட்டா. அதையும் பார்த்தேன்.”

“பெஞ்சுல உக்காந்து சாப்பிடறோமே சார்.”

“நின்னுண்டு சாப்பிட்டா ஜீரணமாகாதா?”

இரண்டு பேரும் ஒரே கடையைக் காட்டி ஜெயித்துவிட்டார்கள். வேதாசலம் சாருக்கு அன்று வேறொரு கவலையும் இருந்தது. பாடம் நடத்தப் பேராசிரியர்கள் யாரும் வரவில்லை. பெட்ரோல் விற்ற விலையில், டாக்ஸி அனுப்பினால்தான் வருவோம் என்றார்கள். டாக்ஸிக்குச் சிக்கன உத்தரவில் தடை. பாடத்துக்கான பணம் அப்படியே கிடந்தது.

அன்று மாலை தபீதாள் என்னோடு ரயில் நிலையம்வரை நடந்து வந்தார்.

“உனக்கு என்ன குடுக்கறாங்க சாராள்?”

“ஒண்ணும் இல்லக்கா.”

நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

“ஒண்ணும் இல்லையா? இது என்ன சபை ஊழியமா?”

“சார் கேட்டாரு. எப்படி மாட்டேன்னு...”

“இந்தா, நான் உனக்காகப் பரிதாபப்படறேன்னு நினைச்சுக்காத. எனக்காகத்தான் பேசறேன். மார்ச்சோட எங்க பணம் முடியுது. அடுத்த வருஷமும் இது தொடரணுமான்னு கேட்டு எழுதுவாங்க. ஒரு பொண்ணு தினமும் சும்மாவே வந்து வேலை செய்யுது, எதுக்கு ரெண்டு பேருக்குக் காசுன்னு உங்க சார் பதில் எழுதினா? எழுதுவார். சந்தோஷமா எழுதுவார். நாலரை வருஷம் வரிசையில நின்னேன் சாராள். சும்மா வேலை செய்ய நீ ஒருத்தி இருந்தா சிக்கனம் ரொம்ப நல்லாத்தான் நடக்கும்.”

நான் டிபன் பாக்ஸை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“கேளு. இல்லன்னா வராத. ரெண்டுல ஒண்ணு.”

மறுநாள் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சார், எனக்குச் சம்பளம் வேண்டும். நிலையம் நெருங்க நெருங்க வாக்கியம் குறுகிக்கொண்டே வந்தது. படியேறும்போது ‘சார்’ மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அதிகாரியின் அறையில் வேதாசலம் சாரும் இருந்தார். மார்ச் முடிவுக்கு இரண்டு அறிக்கைகள் அனுப்ப வேண்டும். எவ்வளவு மிச்சப்படுத்தினோம் என்று ஒன்று. எவ்வளவு செலவழித்தோம் என்று ஒன்று.

“பாடத்துக்கு வந்த பணம் திரும்பிப் போனா நம்மளைத்தான் கேப்பாங்க சார். வேலையில்லாதவனுக்குக் குடுத்த காசைக்கூடச் செலவு பண்ணத் தெரியலையான்னு.”

“செலவு பண்ணினாலும் கேப்பா. வாம்மா சாராள், என்ன?”

“சார்,” என்றேன்.

காத்திருந்தார்கள்.

“நாளையிலேர்ந்து நான் வரலை சார்.”

“ஏம்மா, உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். சம்பளம் இல்லை.”

நான்தான் சொன்னேன் என்று நம்ப எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது. தோத்தாத்ரி சார் பேனாவை மூடி வைத்தார். அவர் முகம் வாடிவிட்டது. கோபம் இல்லை, வெட்கம்.

“நியாயம்தான். ஆனா உன் இடத்தைக் குறைச்சாச்சுன்னு நானே கோட்டைக்கு எழுதிட்டேனே. இந்த அறிக்கையில காட்ட எனக்கு இருக்கறதே அதுதான். பல்பு, கவர் எல்லாம் கூட்டினா ஒண்ணும் தேறலை. மறுபடி உன்னை அந்த இடத்தில போட முடியாதும்மா.”

நான் வெளியே போகத் திரும்பியிருப்பேன். பழக்கம் அப்படி. ஆனால் தபீதாள் எங்கள் சமையலறை வாசலில் நிற்பார். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“இன்னும் இருபத்தஞ்சு மண் பை இருக்கு சார்,” என்றேன். “நான் இல்லன்னா அவங்க செய்வாங்க. பாதி சரியா வரும். மீதிக் கார்டுக்காரங்க எல்லாம் கூடத்துல வந்து உக்காருவாங்க.”

தோத்தாத்ரி சார் கூடத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் பார்த்தார்.

வேதாசலம் சார் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

“சார், பாடம் நடத்தற காசு...”

“அது பேராசிரியர்களுக்குன்னா!”

“வெளியிலேர்ந்து வந்து பாடம் நடத்தறவங்களுக்குன்னுதான் போட்டிருக்கு. இந்தப் பொண்ணு வெளிய இருக்குது. நாமதான் வெளிய அனுப்பினோம். பாடம் நடத்துது. டாக்ஸி கேக்கல, நடந்து வருது. இதைவிடச் சிக்கனமான பேராசிரியர் மெட்ராஸ்லயே கெடைக்க மாட்டாங்க சார்.”

“படிப்பு?”

“பி.எஸ்ஸி. வேதியியல். நம்மகிட்டயே அனுபவம்.”

தோத்தாத்ரி சார் எழுந்து ஜன்னலருகே போனார். அறையில் விசிறி ஓடவில்லை. அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கொள்கைக்கும் கூடத்துக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

“என்ன எதிர்பார்க்கறே?” என்று ஜன்னலைப் பார்த்தே கேட்டார்.

பழைய சம்பளம் போதும் சார் என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது வாசல் திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். தபீதாளின் சேலையூர் இருமல்.

“பேராசிரியருக்கு எவ்வளவோ அவ்வளவு சார்.”

தோத்தாத்ரி சார் திரும்பினார். மனக்கணக்குப் போட்டார். அவர் கண் பெரிதானது.

“தினம் ஒரு பாடம்னா... உன் பழைய சம்பளத்தைவிட ஜாஸ்தி வரதே!”

“சிக்கனத்துல இதெல்லாம் சகஜம் சார்,” என்றார் வேதாசலம் சார்.

திரைக்குப் பின்னால் சரசு அக்கா சிரித்தது கேட்டது. ஆக, அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

தோத்தாத்ரி சார் உட்கார்ந்தார். நீண்ட நேரம் எழுதினார். முதல் முறையாகப் புதுக் காகிதத்தில் எழுதினார். மார்ச் முடியும்வரை, பாடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று. திட்டத்தை அடுத்த ஆண்டும் தொடர வேண்டும், இரண்டு பேரும் பாடம் நடத்துபவரும் தேவை என்று அதன் கீழேயே எழுதினார். நான் கேட்காமலே எழுதினார்.

“ஏப்ரல்ல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது.”

“சரி சார்.”

“இன்னொண்ணு. மிச்சம் பிடிச்சதைப் பார்க்க யாராவது வந்து கேட்டா, நீ வேலையில இல்லை. செலவு பண்ணினதைப் பார்க்க வந்தா, இருக்கே.”

“ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்தா சார்?”

அவர் யோசிக்க ஆரம்பித்தார். வேதாசலம் சார் என்னைப் பார்த்துப் போ என்று கையைக் காட்டினார்.

தபீதாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். “என்கிட்ட மட்டும் வாயே திறக்க மாட்டே. உள்ள போய் பேராசிரியர் கணக்கு கேக்கற!” சரசு அக்கா, “பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். நல்லாப் பூந்து வெளையாடிட்டியே சாராம்மா,” என்று முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். பாடம் நடத்துகிறேன் என்று சொன்னால் சந்தோஷப்படுவாள். பி.எட்.டை விட்டுவிடுவாளா என்பது வேறு.

சமையலறையில் பக்தவச்சலம் குடுவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேடம், மறுபடியும் தாண்டிடுச்சு.”

“கொட்டிடுங்க,” என்றேன். “முதல்லேர்ந்து செய்ங்க. பச்சை வர வரைக்கும் விட மாட்டேன்.”

என் குரல் இரண்டு அறை தாண்டிப் போயிருக்க வேண்டும். அதிகாரி அறையிலிருந்து தோத்தாத்ரி சார் கேட்டார்.

“ஆசிட் என்ன விலை விக்கறது தெரியுமோ?”

“தெரியும் சார்,” என்றேன். “இன்னொரு பாட்டில் வாங்கணும்.”